மக்காச்சோளத்தை வெயில் தாங்க வைப்பது எப்படி?

ஜொகூர் கோழிப் பண்ணைகளின் தீவனத்தில் மக்காச்சோளமே பெரும்பங்கு. மலேசியா அதை அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்துதான் பெருமளவு வாங்குகிறது. அங்கே மழை பொய்த்தால் இங்கே தீவனச் செலவு ஏறும்.

வறட்சி இந்தப் பயிரை ஏன் இவ்வளவு பாதிக்கிறது? ஆண்பூ உச்சியில் இருக்கும். பெண்பூ தண்டின் நடுவே கதிராக இருக்கும். கதிர் நுனியில் தொங்கும் பட்டிழை ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரியது. மகரந்தம் ஒட்டினால்தான் மணி பிடிக்கும். நீர் குறைந்தால் மகரந்தம் உரிய நாளில் உதிர்ந்துவிடும். இழையோ தாமதமாக வெளிவரும். கடும் வெப்பத்தில் மகரந்தமும் உயிர்ப்பை இழக்கும். கதிர் பொக்காகும்.

தீர்வு என்ன? பயிர் ஆய்வாளர்கள் பூக்கும் பருவத்தில் வேண்டுமென்றே நீரை நிறுத்தி, மகரந்தமும் இழையும் ஒன்றாக வரும் செடிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவற்றைப் பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை செய்து தூய வரிசைகளாக்கி, பொருத்தமான இரண்டைக் கலக்கிறார்கள். பிறப்பது வீரியக் கலப்பினம். தெற்காசியாவுக்காக 2012இல் சிமிட் எனும் பன்னாட்டு மக்காச்சோளம், கோதுமை ஆய்வு மையம் வெப்பம் தாங்கும் மக்காச்சோளத்துக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

அடுத்த தலைமுறையில் இந்த வீரியம் குறைந்துவிடும். ஆகவே, கலப்பினத்தில் விளைந்த மணியை விதைக்காக எடுத்து வைக்காதீர்கள்.