மை கரையாது, வண்ணம் கரையும்: ஏன்?

அரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே உட்கார்ந்து கடைவீதியை வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இந்தியன் இங்க்கில் கோடு. காய்ந்ததும் அதன்மேல் நீர்வண்ணம். தூரிகை நிறையத் தண்ணீர் பட்டும் கோடு கலங்குவதில்லை. எப்படி?

அந்த மையில் இருப்பது புகைக்கரியும் அரக்கும். காய்ந்த அரக்கு வெறும் நீரில் கரையாது. கரித்துகளைத் தாளோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். நீர்வண்ணத்தைப் பிடித்திருப்பதோ வேலமர இனத்துப் பிசின். நனைந்தால் மறுபடி இளகிவிடும். மதுரையின் கட்டடங்களை மைக்கோடுகளால் அற்புதமாக வரைந்த மனோகர் தேவதாஸ் வேதியியல் படித்தவர் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

இன்னொன்றையும் பாருங்கள். படத்தில் உள்ள சுவருக்கு மஞ்சள் வண்ணம் பூசினால், காய்ந்தபின் நடுப்பகுதி வெளிறி, விளிம்பில் மட்டும் அடர்ந்த வரி நிற்கும். ஓரத்தில் ஈரம் சீக்கிரம் ஆவியாகிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் நிறமித் துகளையும் இழுத்துக்கொண்டு ஓடிவருகிறது. மேசையில் சிந்திய காபி வளையமாகக் காய்வதும் இப்படித்தான். 1997இல் சிகாகோ ஆய்வாளர்கள் இதை ‘நேச்சர்’ இதழில் விளக்கினார்கள்.

அரூர் வெயிலில் வண்ணம் சட்டென்று காயும். தாளை முதலில் நனைத்துவிட்டுப் பூசுங்கள்; வரி மென்மையாகிவிடும்.