உங்களுக்குத் தெரியுமா?
எல்லையிலிருந்து அப்பா எழுதும் கடிதம்

லடாக்கிலோ அருணாசலத்திலோ காவல் நிற்கும் அப்பா சிதம்பரத்துக்குக் கடிதம் போட்டால், 608 001 என்ற அஞ்சல் குறியீட்டு எண் அதை நேராக ஊருக்குக் கொண்டுவந்துவிடும். கடலூருக்கு 607 001. ஆனால் பிள்ளைகள் பதில் எழுதும் முகவரியில் மலையும் இருக்காது, ஊரும் இருக்காது. படைவீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு, 9-இல் தொடங்கும் அஞ்சல் குறியீட்டு எண், பிறகு '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' (ஏ.பி.ஓ. என்றால் ராணுவ அஞ்சலகம்), அவ்வளவுதான். படை எங்கே நிற்கிறது என்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. 56 என்றால் கடிதம் டெல்லியில் உள்ள ராணுவ மைய அஞ்சலகத்துக்கும், 99 என்றால் கொல்கத்தாவில் உள்ளதற்கும் போகும். இப்போது அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்பதை அறிந்து அனுப்பிவைப்பது அந்த அஞ்சலகத்தின் பொறுப்பு. பனியில் கணவாய்கள் மூடிக்கிடக்கும் மாதங்களில் தபால் பை விமானத்தில் ஏறும். அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரியாமலே வீட்டார் எழுத, அது அவர் கையில் போய்ச் சேர்வது பெரிய சேவை!

ராணுவ அஞ்சல் சேவை தனிப் படைப்பிரிவானது 1972 மார்ச் 1-இல். அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல் அஞ்சல் குறியீட்டு எண் நாடெங்கும் வந்தது. அதில் 9 என்ற முதல் இலக்கம் ராணுவ அஞ்சலுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

உங்கள் வீட்டிலும் எல்லையில் ஒருவர் இருந்தால், 9-இல் தொடங்கும் அந்த எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். ஊர்ப் பெயரை எழுதாதீர்கள்.