வாத்து ஏன் விழவில்லை?

காரைக்கால் கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. கையில் வேலையும் குறைவு. அந்த நாட்களில் அவரும் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரும் ஒரு வலைக்கொட்டகையில் கூடி, பழைய டிவி கேம் பெட்டிகளைப் பிரித்து, துடைத்து, பற்றவைத்து, மறுபடி ஓட வைக்கிறார்களாம். சங்கத்துக்குப் பெயர் கிடையாது. சந்தா உண்டு: ஆளுக்கு ஒரு மஞ்சள் கேசட்.

பெட்டி ஓடுகிறது, மரியோ குதிக்கிறான், கான்ட்ராவில் குண்டு பறக்கிறது. ஆனால் வாத்து சுடும் ஆட்டத்தில் மட்டும் ஒரு வாத்தும் விழமாட்டேன் என்கிறது. புது எல்.இ.டி. டிவிக்கு முன்னால் மூக்கு இடிக்க நின்று, பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கியால் சுட்டும் பயனில்லை. “ஐயா, துப்பாக்கி பழுதா, டிவி பழுதா, இல்லை நாங்கள்தான் பழுதா?” என்று முடித்திருக்கிறார்.

மூன்றுமே இல்லை, தம்பி. ஆனால் கேட்டது நல்ல கேள்வி.

டிவி கேம் என்றால் என்ன என்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் அண்ணனோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டவர்கள்தான் எல்லோரும். நம் கைக்கு வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஃபாமிகாம்’ என்ற பெட்டியின் அனுமதி வாங்காத நகல்கள். அசல் பெட்டியின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். 1985-ல் வந்த சூப்பர் மரியோ ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் பெரியப்பா அனுப்பும் காலை வணக்கப் படம் பெரும்பாலும் அதைவிடக் கனம். இடம் போதாமல் திண்டாடியவர்கள் மேகத்துக்கு வரைந்த அதே உருவத்துக்குப் பச்சை அடித்துப் புதர் என்று நட்டுவிட்டார்கள். அடுத்த முறை ஆடும்போது பாருங்கள்.

அந்தப் பெட்டியே இல்லாமல் மடிக்கணினியில் அதே ஆட்டத்தை ஆட வைக்கிற மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். தம்பியின் சங்கத்தில் அதுவும் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சொல்லில் சொன்னால் அது ஒரு துபாஷி, மொழிபெயர்ப்பாளர். என் தாத்தாவின் வீட்டுப் பத்திரம் பிரெஞ்சு ஆட்சி முடிந்த 1954-க்கு முந்தியது, முழுக்கப் பிரெஞ்சு. தெருக்கோடியில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த சொல்தா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வரி படிப்பார், தமிழில் சொல்வார், வெற்றிலையை மென்றுவிட்டு அடுத்த வரிக்குப் போவார். எமுலேட்டர் செய்வதும் இதுதான். பழைய சில்லின் மொழியில் உள்ள கட்டளை ஒன்றைப் படிக்கிறது, அதை மடிக்கணினிக்குப் புரியும் வேலையாக மாற்றிச் செய்கிறது, அடுத்ததற்குப் போகிறது. பழைய சில்லின் ஓட்டம் நொடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்பு. இன்றைய கணினிக்கு இது தூசு. அதனால் துபாஷி பெரும்பாலான நேரம் சும்மா காத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் அவசரப்பட்டால் மரியோ கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடிப் பள்ளத்தில் விழுந்துவிடுவான்.

ஆனால் துபாஷிக்குப் பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் தெரியும். அந்த வீட்டின் கிணற்றுத் தண்ணீர் இனிக்குமா உப்புக் கரிக்குமா என்று அவரால் சொல்ல முடியாது. வாத்தின் கதை அங்கேதான் இருக்கிறது.

பழைய டிவியின் படக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நான் தட்டச்சு பழகிய காலத்தில் இயந்திரம் இடமிருந்து வலம் ஒரு வரி அடிக்கும், ‘டிங்’ என்று மணி ஒலிக்கும், இழுத்துவிட்டால் அடுத்த வரி. படக்குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றை செய்வதும் அதே வேலை, நொடிக்கு 15,600 வரிக்கு மேல். எந்தக் கணத்திலும் திரையில் பளீரென்று எரிவது கற்றை பட்ட இடம் மட்டும்தான். அது நகர்ந்ததும் அந்த இடம் மங்கத் தொடங்கும். மேலிருந்து கீழ்வரை முழுப்படம் நொடிக்கு 50 தடவை. ஜப்பானில் 60. முழுப்படமாகத் தெரிவது நம் கண்ணின் சோம்பேறித்தனம்.

துப்பாக்கிக்குச் சோம்பேறித்தனம் கிடையாது. அதன் குழலுக்குள் தோட்டாவும் இல்லை, டிவியை நோக்கிப் பாயும் கதிரும் இல்லை. ஒரு சின்ன லென்சும் அதற்குப் பின்னால் ஒளி பட்டால் உணர்கிற ஒரு பொருளும் இருக்கின்றன. சுடுவது திரைதான், துப்பாக்கி குண்டடிபடுகிறது!

விசையை இழுத்ததும் நடப்பதைக் கவனியுங்கள். ஆட்டம் ஒரு படத்துக்குத் திரை முழுவதையும் கறுப்பாக்குகிறது. அடுத்த படத்தில் முதல் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். இரண்டாவது வாத்து பறந்துகொண்டிருந்தால் அதற்கடுத்த படத்தில் அதன் இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். பிறகு பழையபடி ஆகாயம், மரம், வாத்து. நமக்குத் திரை ஒரு முறை கண் சிமிட்டியது போலத் தெரியும். அதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. முதல் கட்டத்தில் துப்பாக்கி வெளிச்சம் கண்டால் முதல் வாத்து காலி. இரண்டாவதில் கண்டால் இரண்டாவது காலி. எதிலும் காணவில்லையென்றால் குறி தப்பியது. வாத்து தப்பிப் பறந்துவிட்டால் ஆட்டத்தில் வரும் நாய் எழுந்து நின்று சிரிக்கும்.

நம் ஊர்ப் பையன் இங்கேயே குறுக்குவழி யோசிப்பான்: குண்டு பல்பை நோக்கிச் சுட்டால்? செய்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், நானும் ஒருவன். அதற்கும் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். முதலில் வந்த கறுப்புப் படம் இருக்கிறதே, அப்போதும் வெளிச்சம் தெரிந்தால் எதிரில் இருப்பது டிவி இல்லை என்று ஆட்டம் பிடித்துவிடும். அசல் துப்பாக்கியில் இன்னொரு காவலும் உண்டு: நொடிக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் தடவை துடிக்கிற ஒளியைத்தான் உள்ளே இருக்கும் மின்சுற்று உள்ளே விடும். அது படக்குழாயின் வரி வேகம். பல்பின் வெளிச்சம் அப்படித் துடிப்பதில்லை, வாசலிலேயே நிறுத்தப்படும்.

இப்போது எல்.இ.டி. டிவிக்கு வாருங்கள். வந்த படத்தை அது உடனே காட்டுவதில்லை. வாங்கி வைத்து, பெரிதாக்கி, மெருகேற்றி, சற்றுத் தாமதித்துத்தான் காட்டும். ஒரு படத்தின் ஆயுளே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. வெள்ளைக் கட்டம் திரைக்கு வருவதற்குள் விசாரணை முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. தாமதமே இல்லாவிட்டாலும், வரி வரியாகத் துடிக்கும் கற்றை அங்கே இல்லாததால் இரண்டாவது காவல் தடுத்துவிடும். எமுலேட்டரில் சுட்டி வைத்துச் சுட்டால் வாத்து விழுவது, துபாஷி உங்களுக்காகச் சொல்லும் ஒரு சின்னப் பொய். துப்பாக்கி வெளிச்சத்தைக் கண்டது என்று அவரே எழுதிவிடுகிறார்.

இந்தத் துப்பாக்கியின் வம்சமும் சுவையானது. ஷார்ப் நிறுவனத்தில் ஒளி மின்கலம் விற்றுக்கொண்டிருந்த மசாயுகி உவேமுரா, நின்டெண்டோவுக்கு அதை விற்கப் போய், ஒளித் துப்பாக்கி விளையாட்டுகள் பிறக்கக் காரணமாகி, பிறகு அந்த நிறுவனத்திலேயே சேர்ந்தார். ஃபாமிகாம் பெட்டியை வடிவமைத்த குழுவுக்குத் தலைவர் அவர்தான். அதாவது பெட்டிக்கு முந்தியது துப்பாக்கி.

இதற்கு ஒரு பிரெஞ்சு ஒன்றுவிட்ட தம்பியும் உண்டு. 1985 ஜனவரி 25-ல் பிரான்சின் பிரதமர் லொரான் ஃபபியுஸ், பள்ளிகளுக்கெல்லாம் கணினி என்று அறிவித்தார். லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் போயின, அவற்றில் பெரும்பங்கு தாம்சன் நிறுவனத்தின் எம்.ஓ.5, டி.ஓ.7/70 பெட்டிகள். திரையைத் தொட்டால் எந்த இடம் என்று கண்டுபிடிக்கும் ஒளிப்பேனா டி.ஓ.7 வரிசையின் பெருமை. கற்றை பேனா முனையைக் கடந்த கணத்தை வைத்து இடத்தைக் கணக்கிடும். நம் துப்பாக்கியின் படித்த உறவினர். பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் போய்விட்ட என் சித்தப்பாவின் மகள் விடுமுறைக்கு வந்து அந்தப் பேனாவைப் பற்றிச் சொன்னபோது, அளக்கிறாள் என்றே நினைத்தோம்.

ஏறக்குறைய அதே சமயம், 1984-85ல், டெல்லி ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளில் தொடங்கி, இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனத்து பி.பி.சி. மைக்ரோ கணினிகளைத் தந்தது. நான் இயற்பியல் நடத்திய பள்ளிக்கும் பின்னால் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். சாவி ஒரே ஆளிடம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தோம். மற்ற நாட்களில் துணி போர்த்தியிருந்தோம். உடைந்துவிடும் என்று பயந்தே தொடாமல் வைத்திருந்து, கடைசியில் எடைக்குப் போட்டோம். அந்தக் கணினியைச் செய்த அதே ஏக்கார்னில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்து 1985-ல் உயிர்பெற்றதுதான் ஆர்ம் சில்லு. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனின் முப்பாட்டன். அவனுக்கும் மூத்ததைப் பூட்டி வைத்த பாவத்தில் எனக்கும் பங்குண்டு. அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

கேசட்டுக்குள் இருப்பதை நகலெடுத்து எமுலேட்டரில் ஏற்றியாகிவிட்டது, காப்பாற்றிவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பத்திரம் பத்திரமாக இருக்கிறது, சரி. வீடு? படக்குழாய் போனால் துப்பாக்கி வெறும் பிளாஸ்டிக். சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே செய்து வந்த டிவிகளை நாம் எத்தனை வேகமாகத் தெருவில் வைத்தோம்! காயலாங்கடையில் செம்புக் கம்பிக்காக அவற்றை உடைக்கிறார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மிச்சம் வாய்க்காலோரம் கிடக்கிறது. வாய்க்கால் கடலுக்குப் போகிறது. அந்தக் கடலில்தான் நம் வலை.

சங்கத்துக்கு மூன்று யோசனை. ஒன்று, கேசட்டை வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் இணைப்பில் துரு ஏற்றும். உங்கள் ஊரில் அந்த வேலையை உப்புக்காற்றே செய்துகொண்டிருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். இரண்டு, பழைய டிவியின் பின்மூடியை விளையாட்டாகத் திறக்காதீர்கள். அணைத்து வைத்த படக்குழாயிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். பழைய மெக்கானிக் ஒருவரை உறுப்பினராக்கிக்கொள்ளுங்கள். அவரிடம் சந்தா வாங்க வேண்டாம்.

மூன்று, வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர், எந்தப் பக்கம் எல்லை தாண்டினாலும் தமிழ்நாடு. 2006-லிருந்து அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல வண்ண டிவி அங்கே பரண் மேல் இன்னும் எங்கோ இருக்கும். கேட்டுப் பாருங்கள். ஆண்டெனா வயர் செருகும் ஓட்டையில் உங்கள் பெட்டியைச் செருகுங்கள். ஆறடி தள்ளி நின்று சுடுங்கள். தடைக்காலம் முடிவதற்குள் வாத்து விழுந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.