லூவேன் நகரில் ஓர் அந்திப்பொழுது

பெல்ஜிய நாட்டு லூவேன் நகரின் புகழுக்குக் காரணம், 1425-ஆம் ஆண்டில் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் ஆணையால் தோன்றிய பல்கலைக்கழகமாகும். அந்தி சாயும் வேளையில் அதன் கல் பாவிய வீதிகளில் நாம் நடந்தோம்.

நகர்மன்ற மாளிகையின் சுவரெங்கும் கற்சிலைகள். எதிரே, டீரிக் பௌட்ஸ் தீட்டிய இறுதி இராவுணவு ஓவியத்தைக் காத்துவரும் புனித இராயப்பர் ஆலயம். சற்றுத் தொலைவில் நூலகக் கோபுரம் விண்ணை நோக்கி நிற்கிறது. 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படையினர் பழைய நூலகத்திற்குத் தீயிட்டனர்; இலட்சக்கணக்கான நூல்கள் சாம்பலாயின. அமெரிக்க மக்களின் நன்கொடையால் 1928-இல் எழுந்த இப்புதிய நூலகமும் 1940 மே மாதப் போரில் எரிந்து, மீண்டும் எழுந்தது.

இருள் சூழும் நேரத்தில் புனித அந்தோனியார் சிற்றாலயத்தை அடைந்தோம். இதன் நிலவறையில் துயில்கிறார் புனித தமியான். உழவர் குடும்பத்தில் 1840-இல் பிறந்த இவரைக் குருத்துவத்திற்குப் போதிய கல்வியற்றவர் என்றே மேலதிகாரிகள் முதலில் கருதினர். அண்ணனிடம் இலத்தீன் பயின்றார். நோயுற்ற அவ்வண்ணனுக்குப் பதிலாக ஹவாய்த் தீவுகளுக்குக் கப்பலேறினார். 1873 முதல் மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளரின் புண்களைக் கழுவினார். அவர்களுக்கு வீடும் கல்லறையும் அமைத்தார். இறுதியில் அந்நோயாலேயே 1889-இல் மரித்தார். 1936-இல் அவரது உடல் தாயகம் திரும்பியது. 2009-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அறிஞர் பலர் வாழ்ந்த நகரில், பட்டம் பெறாத இக்குருவின் கல்லறையை மக்கள் நாடி வருகின்றனர். நூல்களைத் தீ அழித்தது. அன்பை அழிக்க இயலவில்லை. நம் பிள்ளைகள் என்ன படிக்கின்றனர் என்று வினவும் நாம், யாருக்குப் பயன்படப் படிக்கின்றனர் என்றும் வினவுவோமாக!