‘உம்’ கொட்டாத உணரி

பாட்டி கதை சொல்லும்போது நீங்கள் இடையிடையே ‘உம்’ கொட்டியிருப்பீர்கள். ‘உம்’ நின்றுவிட்டால் பாட்டியும் கதையை நிறுத்திவிடுவார். பேரன் உறங்கிவிட்டான் என்று அவருக்குத் தெரியும். மின்னணுச் சில்லுகளும் ஏறக்குறைய இப்படித்தான் பேசிக்கொள்கின்றன. ஒரு சில்லு எட்டுத் துடிப்புகளில் செய்தியை அனுப்பியதும், ஒன்பதாவது துடிப்பின்போது மற்றது ‘உம்’ கொட்ட வேண்டும். அந்த ‘உம்’ வராமற்போனதால் நேர்ந்த ஒரு குழப்பத்தையும், ஒரு சிறு மின்தடை அதைத் தீர்த்து வைத்த விதத்தையும் இங்கே காண்போம்.

அசையாத கோடு

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கியது. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. அந்த நினைவு மாறாத கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த பள்ளி மாணவர்கள் சிலர் மின்னணுக் காற்றழுத்தமானி ஒன்றைத் தாங்களே செய்தார்கள். புயல் எச்சரிக்கை தருவது வானிலைத் துறையின் பணி. ஆனால் அழுத்தம் ஏறி இறங்குவதைத் தம் கண்ணாலேயே காண வேண்டும் என்பது அவர்களுடைய ஆவல்.

மொட்டை மாடியில் பி.எம்.பி. 280 என்னும் அழுத்த உணரி. கீழ் அறையில் ஈ.எஸ்.பி. 32 என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகை; இரண்டையும் இணைக்க 8 மீட்டர் தொலைபேசிக் கம்பி. ஓர் இரவு முழுவதும் பதிவான வரைபடத்தை எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்து வந்தார்கள். 1009 ஹெக்டோபாஸ்கலில், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு நேர்கோடு!

“எவ்வளவு நிலையாக இருக்கிறது பாருங்கள், சார்!” என்றான் ஒருவன். எனக்கு அந்த நிலைத்தன்மையே ஐயத்தைத் தந்தது. வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலையும் இரவும் 10 மணியளவில் உச்சம். விடியற்காலையும் மாலையும் 4 மணியளவில் தாழ்வு. வேறுபாடு சில ஹெக்டோபாஸ்கல்தான். எனினும் நல்ல உணரி அதைத் தவறவிடாது. ஆகவே, 4 மணிக்கு இறங்காத கோடு பொய்க்கோடு. உண்மையில் உணரியிடமிருந்து பதிலே வரவில்லை. நிரலோ கடைசியாகக் கிடைத்த எண்ணையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. புயலே வந்திருந்தாலும் அது 1009 என்றுதான் காட்டியிருக்கும்!

உணரி கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதிதாக ஒன்று வாங்கினார்கள். அதுவும் அப்படியே. ஆனால் மேசை மீது 20 சென்டிமீட்டர் கம்பியில் இணைத்தபோது இரண்டு உணரிகளும் நன்றாகவே வேலை செய்தன. அப்படியானால் குற்றவாளி யார்? வழியில் இருக்கும் கம்பிதானே?

துலாவும் கல்லும்

இங்கே பயன்படும் இணைப்பு முறைக்கு ஐ-டூ-சி என்று பெயர். தொலைக்காட்சிப் பெட்டி போன்ற கருவிகளுக்குள் சில்லுகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் இதை உருவாக்கியது. இரண்டே கம்பிகள். எஸ்.டி.ஏ. என்பது செய்திக் கம்பி, எஸ்.சி.எல். என்பது தாளம் போடும் கடிகாரக் கம்பி.

இம்முறையில் ஒரு விந்தை உண்டு. எந்தச் சில்லும் கம்பியை மேலே தூக்குவதில்லை. கீழே இழுக்க மட்டுமே செய்யும். பழைய துலாக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். இறைப்பவர் கயிற்றைக் கீழே இழுப்பார். கைப்பிடியைத் தளர்த்தினால், மறுமுனையில் கட்டிய கல் தன் எடையால் வாளியைத் தூக்கிவிடும். ஐ-டூ-சியில் அந்தக் கல்லின் வேலையைச் செய்வது, கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே உள்ள ஒரு மின்தடை. அதற்கு ஏற்று மின்தடை என்று பெயரிடுவோம். கம்பி கீழே இருந்தால் 0. மேலே இருந்தால் 1.

கல் இலேசாகவும் வாளி கனமாகவும் இருந்தால்? வாளி மெல்ல மெல்லத்தான் ஏறும். நீண்ட கம்பிதான் இங்கே கனத்த வாளி. அருகருகே செல்லும் இரு கம்பிகள் ஒரு மின்தேக்கி என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது மின்னூட்டம் பெற்ற பிறகே மின்னழுத்தம் உயரும்.

கணக்குப் போடுவோம்

அந்த 8 மீட்டர் கம்பியின் மின்தேக்குத் திறனை அளந்தோம். மீட்டருக்கு 60 பைக்கோஃபாரடு வீதம் 480. சில்லுகளுக்கு 20 சேர்த்தால் 500. உணரிப் பலகையில் இருந்த ஏற்று மின்தடை 10 கிலோ ஓம். இரண்டையும் பெருக்கினால் 5 மைக்ரோ வினாடி. கம்பி 30 விழுக்காட்டு மின்னழுத்தத்திலிருந்து 70 விழுக்காட்டுக்கு ஏறும் நேரம் இதைப்போல் 0.85 மடங்கு, அதாவது 4 மைக்ரோ வினாடிக்கும் மேல். வினாடிக்கு 1,00,000 தாளம் போடும் வேகத்தில், விதிப்படி இது 1 மைக்ரோ வினாடியைத் தாண்டக் கூடாது!

ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபோது, செங்குத்தாக எழ வேண்டிய துடிப்புகள் சுறாவின் முதுகுத் துடுப்புபோல் சாய்ந்து எழுந்தன. உச்சியைத் தொடும் முன்பே அடுத்த துடிப்பு வந்து கீழே இழுத்துவிட்டது. விளைவு என்ன? உணரியின் முகவரி 118. இரும எண்ணில் 1110110. நடுவில் 0க்குப் பின் வரும் 1 ஏறத் தவறினால் அது 1110010, அதாவது 114 ஆகிவிடும். பக்கத்து வீட்டுக்காரன் பெயரைச் சொல்லி அழைத்தால் நம் நண்பன் ‘உம்’ கொட்டுவானா?

ஒரு பழைய பாடம்

“மின்னழுத்தத்தைக் கூட்டினால் என்ன, சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். 1858இல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பியிலும் இதே நோய்தான். விக்டோரியா அரசியாரின் 98 சொல் வாழ்த்துச் செய்தி போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. பொறுப்பாளர் வைட்ஹவுஸ் ஏறத்தாழ 2,000 வோல்ட்டைச் செலுத்திப் பார்த்தார். சில வாரங்களில் கம்பியே பாழாயிற்று. மின்தடையையும் மின்தேக்குத் திறனையும் கவனிக்க வேண்டும் என்று முன்பே எடுத்துரைத்தவர், பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன்.

நாங்கள் தாம்சன் வழியில் சென்றோம். கம்பியை 5 மீட்டராகக் குறைத்தோம். இரு கம்பிகளிலும் 2.2 கிலோ ஓம் மின்தடையை (சிவப்பு, சிவப்பு, சிவப்பு) கூடுதலாக இணைத்தோம். பக்க இணைப்பில் மொத்தம் 1.8 கிலோ ஓம். ஏறும் நேரம் அரை மைக்ரோ வினாடியாகக் குறைந்தது. அதற்காக 100 ஓம் போடலாமா? கூடாது. கல் மிகக் கனத்தால் இறைப்பவரால் துலாவை இழுக்க முடியாது. சில்லு தாங்குவதாக உறுதியளிப்பது 3 மில்லி ஆம்பியர்; எனவே 3.3 வோல்ட்டில் 1 கிலோ ஓமுக்குக் கீழே போகக் கூடாது.

உங்கள் கருவி மௌனம் சாதித்தால்

1. பல்நோக்கு அளவியால், ஓய்வு நிலையில் இரு கம்பிகளையும் சோதியுங்கள். இரண்டிலும் 3.3 வோல்ட் இருக்க வேண்டும்.

2. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏற்று மின்தடையை அளவிடுங்கள். சில்லுக்குள் இருக்கும் சுமார் 45 கிலோ ஓமை மட்டும் நம்பாதீர்கள்.

3. செய்திக் கம்பியையும் கடிகாரக் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்காதீர்கள். செய்திக் கம்பியைப் புவிக் கம்பியோடும், கடிகாரக் கம்பியை 3.3 வோல்ட் கம்பியோடும் முறுக்குங்கள்.

4. கம்பியைக் குறைக்க வழியில்லையா? தாளத்தின் வேகத்தைக் குறையுங்கள்.

5. நம் கடற்கரையில் உப்புக்காற்று செப்பு முனைகளில் பச்சை பூக்கச் செய்யும். அவற்றைச் சுரண்டித் துடையுங்கள்.

6. ‘உம்’ வராவிட்டால் பழைய எண்ணைக் காட்டாமல், ‘தரவு இல்லை’ என்று காட்டும்படி நிரல் எழுதுங்கள்.

இவற்றுள் ஆறாவதே தலையாயது. ஓடாத கருவியை நாம் நம்ப மாட்டோம். பொய் சொல்லும் கருவியையோ நம்பிவிடுவோம்.

மறுநாள் மாணவர்கள் புதிய வரைபடத்தைக் கொண்டுவந்தார்கள். இம்முறை கோடு நேராக இல்லை. இரவு 10 மணிக்கு மெல்ல உயர்ந்து, விடியற்காலை 4 மணிக்குத் தாழ்ந்து, மீண்டும் ஏறியது. கம்பியின் மறுமுனையில் உணரி ‘உம்’ கொட்டிக்கொண்டிருந்தது.