கிருமியின் மேலாடையும் உடலின் அபாய மணியும்

செத்த கிருமியும் தீங்கு செய்யுமா? செய்யும் என்பதை 1892ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்டு ஃபைஃபர் எடுத்துரைத்தார். வெப்பத்தால் கொல்லப்பட்ட காலராக் கிருமிகளைச் சோதனை விலங்குகளின் உடலில் செலுத்தியபோது, அவ்விலங்குகள் மாண்டன. நஞ்சு கிருமியின் உள்ளே உறைவதாகக் கருதிய அவர், அதற்கு 'எண்டோடாக்ஸின்', அதாவது அகநஞ்சு, எனப் பெயரிட்டார்.

உண்மையில் அந்நஞ்சு கிருமியின் மேலுறையிலேயே உள்ளது. காலரா, டைஃபாய்டு ஆகியவற்றின் கிருமிகள், கொழுப்பும் சர்க்கரையும் பிணைந்த ஒரு மூலக்கூறை மேலாடையாகப் போர்த்தியிருக்கின்றன. லிப்போபாலிசாக்கரைடு என்பது அதன் பெயர்.

இம்மேலாடையைக் கண்டதும் நமது வெள்ளையணுக்கள் அபாய மணி அடிக்கின்றன. அவை சுரக்கும் தூதுப் பொருள்களால் காய்ச்சல் எழுகிறது; பிற காவல் அணுக்களும் விரைந்து திரள்கின்றன. எனவே காய்ச்சல் பெரும்பாலும் உடலின் தற்காப்பே.

அணுக்கள் இதனை எவ்வாறு அறிகின்றன? 'டோல்' என்னும் மரபணு பழுதுபட்ட ஈக்கள் பூஞ்சைத் தொற்றுக்குப் பலியாவதை 1996இல் பிரான்சு நாட்டின் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் கண்டனர். அகநஞ்சுக்குச் சற்றும் அசையாத ஒருவகை எலிகளை அமெரிக்காவின் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் ஆராய்ந்தனர். டோலை ஒத்த ஓர் உணர்வி அவற்றில் பழுதுற்றிருப்பதை 1998இல் வெளியிட்டனர். அவ்வெலிகள் பேறு பெற்றவை அல்ல. உயிருள்ள சால்மோனெல்லா கிருமிகள் சிறிதளவு புகுந்தாலும் அவை மடிந்துவிடும். மணி ஒலிக்காத வீட்டில் கள்வனுக்குத் தடையேது? இவ்விரு அறிஞர்களும் 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

ஆனால், கிருமிகள் இரத்தத்தில் பெருகி, மணி உடலெங்கும் ஓயாது ஒலிப்பின், காவலே கேடாகிறது. இரத்த நாளங்கள் தளர்ந்து கசிகின்றன. இரத்த அழுத்தம் வீழ்கிறது. சிறுநீரகம் முதலிய உறுப்புகள் செயலிழக்கின்றன. இந்நிலையே 'செப்சிஸ்'. வேறுவகைக் கிருமிகளாலும் இது நேரும். 2017ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேர் இதற்கு ஆளாயினர். அவர்களுள் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு.

ஆதலின், தொற்று கண்டவருக்கு மூச்சு விரைந்தாலோ, அறிவு தடுமாறினாலோ, சிறுநீர் மிகக் குறைந்தாலோ, கைகால்கள் சில்லிட்டாலோ, காய்ச்சல் தணியட்டும் என்று காத்திராதீர்கள். குழந்தைகளிடமும் முதியோரிடமும் காய்ச்சலின்றியே இந்நிலை தோன்றக்கூடும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் உயிரின் விலை பெறும்.