இரும்பும் தோலும்

சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்துள்ள மஞ்சக்குட்டையில், மழைக்கால மூடுபனி வாயிலைக் கடந்து வீட்டினுள்ளும் புகும். காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் இதமான அவ்வீரம், பெட்டிக்குள் கிடக்கும் பழந்துப்பாக்கிக்கும் அதன் தோலுறைக்கும் பகையாகும்.

இரும்பு, ஆக்சிஜன், நீர் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் துரு பிறக்கிறது. துரு நுண்துளைகள் நிறைந்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தன் அடியிலுள்ள இரும்புக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். வியர்வையிலுள்ள உப்பு அதனை விரைவுபடுத்தும். வெறுங்கையால் தொட்டவரின் விரல்ரேகை சில நாள்களில் துருக்கோலமாக எழுவதும் உண்டு. பழைய கருமருந்தின் எச்சமும் ஈரத்தை ஈர்ப்பதே. எனவே குழலின் உட்புறமே முதலில் அரிக்கப்படுகிறது.

தோலின் இயல்பு வேறு. ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிடப்பட்ட தோலுக்குச் சிறிது ஈரம் வேண்டும். ஒப்பு ஈரப்பதம் மிகக் குறைந்தால் அது விறைத்து வெடிக்கும். 65 விழுக்காட்டிற்கு மேல் நீடித்தால் பூஞ்சை படரும். வெயிலில் காயவைப்பது பலர் செய்யும் பிழை.

துப்பாக்கியை அதன் உறையிலேயே வைத்துவிடுவது அதனினும் பெரும்பிழை. உறை காப்பதற்கென்றே செய்யப்பட்டதன்றோ எனத் தோன்றலாம். பயணத்தில் அது காக்கும். பெட்டியிலோ ஈரத்தையும் பதனிட்ட அமிலத்தின் எச்சத்தையும் இரும்போடு சேர்த்துப் பிடித்துவைக்கும். தோலிலுள்ள கொழுப்பு, பித்தளைக் கொக்கிகளில் பச்சைக் களிம்பாகத் திரளும். ஆகவே இரண்டையும் பிரித்து வைத்தல் வேண்டும்.

1855இல் மன்னர் இரண்டாம் சிவாஜி மறைந்தபின், தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் பல சென்னை அரசு அருங்காட்சியகத்தை வந்தடைந்தன. கடற்கரை நகரின் உப்புக்காற்று அவற்றுக்குப் புதிய சோதனை. அங்கு 1930இல் தொடங்கப்பெற்ற வேதிப் பாதுகாப்பு ஆய்வகம் இந்தியாவின் முன்னோடி ஆய்வகங்களுள் ஒன்று.

வீட்டிலுள்ள பழந்துப்பாக்கிக்கு உரிமம் பற்றிய சட்டநிலையை முதலில் அறிதல் வேண்டும். பழங்குழல்களில் மருந்து கெட்டித்தபடியே இருப்பதுண்டு; வல்லுநர் சோதித்த பின்னரே அதனைத் தொடலாம். உப்புத்தாள் கொண்டு பளபளப்பாக்குதல் கூடாது. துருவோடு செய்தோன் பெயரும் ஆண்டும் அழிந்துபோகும். பருத்திக் கையுறை அணிந்து, மென்துணியால் துடைத்து, மெல்லிய கனிம எண்ணெயை மிகச் சிறிதளவு தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கேறிப் பிசுபிசுக்கும், அதைத் தவிர்க்கலாம்.

மலையூர்களில் துப்பாக்கிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் மணிகளை இடுவது நலம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையேனும் பெட்டியைத் திறந்து நோக்குதல் வேண்டும். நீலமணிகள் இளஞ்சிவப்பாக மாறியிருப்பின் அவை ஈரத்தால் நிறைந்துவிட்டன என்று பொருள். மிதமாகச் சூடேற்றி உலர்த்தினால் மீண்டும் நீலமாகும்.